வைஃபை எவ்வளவு தூரம் எட்டும்? பைல் நாட்டிலிருந்து ஒரு மறுப்பு

போன ஐப்பசியில் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேலே 14 நாடுகள். வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, வாழவந்தி நாடு என்று போகும் அந்தப் பட்டியலில் பைல் நாடும் ஒன்று. என்னோடு பி.இ. படித்த நண்பனின் ஊர் அது. மேட்டில் புது வீடு கட்டி, ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கிறான். அப்பாவும் அம்மாவும் கீழே பள்ளத்தில் பழைய வீட்டிலேயே இருக்கிறார்கள். நடுவில் சரிவு முழுக்க காப்பி. நிழலுக்கு சில்வர் ஓக், அதன் மேல் மிளகுக் கொடி. வீட்டுக்கு வீடு ஏறக்குறைய 200 மீட்டர்.

அந்தப் பள்ளத்தில் மொபைல் டவர் எடுக்காது. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தபோது, அம்மா டார்ச் எடுத்துக்கொண்டு அந்த 200 மீட்டரையும் நனைந்துகொண்டே ஏறி வந்து கதவைத் தட்டியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் நண்பன் 'லாங் ரேஞ்ச்' என்று எழுதிய, நாலு கொம்பு வைத்த ரௌட்டர் ஒன்றை வாங்கினான். விலை பழைய பெட்டியைப் போல நாலு மடங்கு. அட்டையில் "300 மீட்டர் வரை" என்று இருந்தது. வைஃபை வழியாகவே சாதாரண போன் கால் பேசும் வசதி 2019 கடைசியிலிருந்து இந்தியாவில் இருக்கிறது. ஆகவே கணக்கு சரிதான்: 300 மீட்டர் எட்டும் பெட்டி, 200 மீட்டரில் வீடு.

நான் போனபோது அப்பா போனை நீட்டிச் சொன்னார்: "தம்பி, பாருங்க, ரெண்டு கோடு காட்டுது. ஆனா பேச்சு மட்டும் போக மாட்டேங்குது."

இந்தக் கட்டுரை அந்த ரெண்டு கோட்டைப் பற்றியது. "வீட்டு வைஃபை எவ்வளவு தூரம் எட்டும்?" என்ற கேள்விக்கு எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் 150 அடி, வெளியில் 300 அடி. கடைக்காரர் சொல்வார், அட்டை சொல்லும், தெரிந்தவர் சொல்வார். இந்தப் பதில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கிறது என்பது என் புகார் இல்லை. இது பதிலே கிடையாது என்பதுதான் என் வாதம்.

ஒரே பெட்டி, 279 கிலோமீட்டர்

முதலில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு உதாரணம். 2006-ல் வெனிசுவேலா நாட்டில் எர்மான்னோ பியெத்ரோசெமோலி என்ற பேராசிரியரின் குழு, லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரௌட்டர் இரண்டை எடுத்து 279 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பு போட்டுக் காட்டியது. அந்த மாடலை நம்மில் பலர் வீட்டில் வைத்திருந்தோம். நீலமும் கறுப்புமாக, ரெண்டு கொம்போடு இருக்குமே, அதே பெட்டிதான். அடுத்த வருடம் அதே குழு வேறு கருவிகளோடு 382 கிலோமீட்டர் போனது. அந்தத் தூரத்திலும் நொடிக்கு 3 மெகாபிட் அளவுக்கு இரண்டு திசையிலும் தகவல் போய்வந்தது.

ஒரு வீட்டில் சமையலறை வரைக்கும் எட்டாத பெட்டி, இன்னொரு இடத்தில் சேலத்திலிருந்து சென்னையைத் தொடும் அளவுக்குப் போகிறது என்றால், "இந்தப் பெட்டி எவ்வளவு தூரம் எட்டும்" என்று கேட்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது? தூரம் பெட்டிக்குள் இல்லை. அவர்கள் மாற்றியது மூன்று விஷயம். கொம்புக்குப் பதிலாக ஒரே திசையில் குவிக்கும் பெரிய தட்டு ஆன்டெனா. அதுவும் இரண்டு முனையிலும். இரண்டாவது, உயரம். ஒரு முனை ஆண்டீஸ் மலையில் 4,000 மீட்டருக்கும் மேலே இருந்தது, நடுவில் தடுக்க எதுவும் இல்லை. மூன்றாவது, ரௌட்டரின் மென்பொருளைத் திறந்து, பதிலுக்காக அது காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினார்கள். இந்த மூன்றாவது சங்கதிக்குப் பிறகு வருகிறேன்.

ரெண்டு கோட்டின் கணக்கு

இப்போது பைல் நாட்டுக்கு. கொஞ்சம் கணக்கு இருக்கிறது, கூட்டல் கழித்தல்தான், பயப்பட வேண்டாம்.

ரேடியோக்காரர்கள் பலத்தை டெசிபலில் அளப்பார்கள். 3 டெசிபல் கூடினால் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. 100 மில்லிவாட் என்பது 20 டிபிஎம். வீட்டு ரௌட்டர் பெரும்பாலும் அந்த அளவில்தான் அனுப்பும். போன் அதைவிடக் கம்மி, சுமாராக 15 டிபிஎம்.

வழியில் என்னென்ன போகும்?

• 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வெறும் காற்றில் 200 மீட்டர் போனால் இழப்பு 86 டெசிபல். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் கூடும், அவ்வளவுதான். தூரம் தனியாக அவ்வளவு பெரிய எதிரி இல்லை.

• மரம். வைஸ்பெர்கர் சூத்திரம் என்று ஒன்று உண்டு, இலை அடர்ந்த தோப்புக்குள் அலை எவ்வளவு தேயும் என்று சொல்லும். சரிவில் 60 மீட்டர் அடர்த்தியான தோப்பு என்று வைத்துக்கொண்டால் 19 டெசிபல் வருகிறது. இந்தச் சூத்திரம் காய்ந்த இலைக்கானது. மழையில் நனைந்த இலை இன்னும் தின்னும்.

• பழைய வீட்டின் கனத்த சுவர். சுமாராக 10 டெசிபல் என்று வைத்துக்கொள்கிறேன்.

மொத்தம் 115 டெசிபல். சாதாரண எண்ணில் சொன்னால், அனுப்பிய சக்தியில் ஏறக்குறைய 31 ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். இதைக் கேட்டு அதிர்ச்சியடைய வேண்டாம். ரேடியோ ரிசீவர்கள் அவ்வளவு சின்னதையும் கேட்கும் காது உள்ளவை. பொதுவாக மைனஸ் 90 டிபிஎம் தாண்டிக் கீழே போனால்தான் தடுமாற ஆரம்பிக்கும்.

பழைய ரௌட்டர்: அனுப்பும் பலம் 20, கொம்பின் பங்கு 3. கூட்டி 115-ஐக் கழித்தால் மைனஸ் 92. போனில் கோடே வராது. சரி.

புது 'லாங் ரேஞ்ச்' பெட்டி அனுப்பும் பலத்தை 27 டிபிஎம் என்று வைத்துக்கொள்வோம், கொம்பு 5. கழித்தால் மைனஸ் 83. ஆகா, ரெண்டு கோடு!

ஆனால் போன் பதில் சொல்ல வேண்டுமே? போனின் பலம் 15. அது மேட்டு வீட்டில் புதுப் பெட்டி வாங்கியதால் ஒன்றும் கூடிவிடவில்லை. ரௌட்டரின் கொம்பு கேட்பதற்கும் உதவும் என்பதால் 5 சேர்த்துக்கொள்ளலாம். 20-ல் 115-ஐக் கழித்தால் மைனஸ் 95. இரைச்சலில் கலந்துபோகும்.

இன்னொரு தடவை பாருங்கள். நாலு மடங்கு காசு கொடுத்ததில், மேலிருந்து கீழே 9 டெசிபல் கூடியது. கீழிருந்து மேலே கூடியது 2 டெசிபல், அவ்வளவே. போனில் தெரியும் கோடு முதல் எண்ணை மட்டும்தான் காட்டும். இரண்டாவது எண்ணைக் காட்ட போனில் இடமே இல்லை.

கோயில் திருவிழாவில் மைக் செட்டு கட்டினால் அடுத்த மலைச் சரிவுக்கே கேட்கும். அதற்காக, அந்தச் சரிவில் இருப்பவர் அங்கிருந்தே வாயால் பதில் சொன்னால் பூசாரிக்குக் கேட்குமா? 'லாங் ரேஞ்ச்' பெட்டி விற்பது மைக் செட்டு. வைஃபைக்குத் தேவை உரையாடல். ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் எதிர்முனை "வந்தது" என்று சொன்னால்தான் அடுத்தது நகரும். அப்பா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி: கோடு காட்டுகிறது, பேச்சு போக மாட்டேன் என்கிறது.

நாலு கொம்பு பற்றியும் ஒரு வார்த்தை. கொம்பு சக்தியை உண்டாக்காது. தோசை மாவை மெலிசாகத் தேய்த்தால் தோசை அகலும், மாவு கூடாது இல்லையா? அதே மாதிரி, நீளமான கொம்பு மேலேயும் கீழேயும் போவதைக் குறைத்து, அகலத்தில் பரப்பும். ஒரே தளத்தில் இருக்கும் வீட்டுக்கு அது நல்லது. சரிவில் கீழே இருக்கும் வீட்டுக்கு, கொம்பை நேராக நிறுத்தி வைத்தால், கொஞ்சம் பலம் பள்ளத்தாக்குக்கு மேலே ஆகாயத்துக்குத்தான் போகும்.

ஆக, அட்டையில் இருக்கும் "300 மீட்டர்" எந்த மரமும் சுவரும் இல்லாத மைதானத்தில் ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். எதிர்முனையில் என்ன கருவி, நடுவில் என்ன, எவ்வளவு வேகம் கிடைத்தால் 'எட்டியது' என்று சொல்வீர்கள், இரண்டு திசையிலுமா? இந்த நாலு கேள்விக்கும் பதில் இல்லாத ஒரு எண்ணை அளவை என்று ஏற்க முடியாது.

தேனியில் என்ன செய்தார்கள்

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர்கள் தமிழ்நாட்டிலேயே வேலை செய்திருக்கிறார்கள். கொல்லிமலைக்குத் தெற்கே, இன்னொரு மலையடிவாரமான தேனியில்.

அரவிந்த் கண் மருத்துவமனை தேனியைச் சுற்றியுள்ள ஊர்களில் சின்னச் சின்ன கண் மையங்கள் வைத்தது. அங்கே டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பணியாளர் பரிசோதிப்பார், தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். இதற்கு இணைப்பு போட்டது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியைச் சேர்ந்த எரிக் புருவரின் குழு. விலை மலிவான வைஃபை அட்டைகள், திசை ஆன்டெனாக்கள், கோபுரங்கள். மையங்கள் சில கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் இருந்தன. அந்த அனுபவத்திலிருந்து ரபின் பாத்ராவும் சகாக்களும் எழுதி 2007-ல் வெளியான 'வைல்ட்நெட்' என்ற ஆய்வுக் கட்டுரையை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். இந்தத் துறையில் படிக்கச் சுகமான கட்டுரைகளில் அது ஒன்று.

அது காட்டும் முக்கியமான விஷயம் இதுதான்: அலை 15 கிலோமீட்டர் எட்டிவிடுகிறது, வைஃபையின் பேச்சு ஒழுங்குதான் எட்டுவதில்லை. அலை ஒரு கிலோமீட்டர் போக 3.3 மைக்ரோவிநாடி ஆகும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோவிநாடி. வீட்டுக்குள் பேசுவதற்காக வடிவமைத்த வைஃபை அவ்வளவு நேரம் காத்திருக்காது. பதில் வந்துகொண்டிருக்கும்போதே "வரவில்லை" என்று முடிவு கட்டி, அதே துண்டை மறுபடி அனுப்பும். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினாலும் சும்மா உட்கார்ந்திருப்பதில் நேரம் வீணாகும்.

ஒவ்வொரு கடிதத்தையும் பதிவுத் தபாலில் போட்டு, ஒப்புதல் அட்டை திரும்பி வந்த பிறகுதான் அடுத்த கடிதம் எழுதுவேன் என்று ஒருவர் இருந்தால் எப்படியோ, அப்படி. பக்கத்துத் தெருவுக்கு இந்த முறை சரி. டெல்லிக்கு? வைல்ட்நெட் செய்தது, ஒரு கட்டுக் கடிதத்தை மொத்தமாகப் போட்டு, மொத்தத்துக்கும் ஒரே அட்டை வாங்கியது. கூடவே, இரண்டு முனையும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளாமல், "இப்போது நீ, அடுத்து நான்" என்று நேரத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தது. வழியில் ஒன்றிரண்டு தொலைந்தாலும் மீட்கும்படி கூடுதல் தகவலும் சேர்த்தது. சாதாரண வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு வரை அதிகத் தகவல் போனதாக அவர்கள் அளந்து காட்டுகிறார்கள். பெட்டியின் சத்தத்தைக் கூட்டாமலே.

இவ்வளவு பாராட்டிவிட்டு இப்போது குறை சொல்கிறேன்.

முதல் குறை: தலைப்பிலிருந்து முடிவு வரைக்கும் அந்தக் கட்டுரை தூரத்தைத்தான் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறது. கோபுரமும் நேர்ப் பார்வையும் கிடைத்துவிட்டன என்ற இடத்திலிருந்து அது தொடங்குகிறது. நேர்ப் பார்வை என்றால் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அலை கயிறு மாதிரி போகாது, நடுவில் வீங்கிய கதிர் மாதிரி போகும். 15 கிலோமீட்டர் இணைப்பில் நடுவில் அந்த வீக்கத்தின் ஆரம் 21 மீட்டருக்கும் மேல். ஏழு மாடி உயரம்! தேனிப் பள்ளத்தாக்கின் சமதரையில் கோபுரம் கட்டினால் அது கிடைக்கும். கொல்லிமலை மேலே இருப்பது மடிப்பு மடிப்பான நிலம். முகட்டிலிருந்து முகட்டுக்கு அழகாகத் தெரியும், மக்கள் குடியிருக்கும் மடிப்புக்குள்ளே தெரியாது. ஆகவே வைல்ட்நெட்டைப் படித்துவிட்டு "15 கிலோமீட்டரே போகுது, 200 மீட்டர் போகாதா?" என்று கேட்பவர் அட்டையை நம்பியவர் செய்த அதே தப்பைத்தான் செய்கிறார்.

இரண்டாவது குறை பெரியது, அதை அவர்களே கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே, 2008-ல், அதே குழுவைச் சேர்ந்த சோனேஷ் சுரானாவும் மற்றவர்களும் 'பியாண்ட் பைலட்ஸ்' என்று இன்னொரு கட்டுரை எழுதினார்கள். தேனியிலும் இமயமலை அடிவாரத்து தர்மசாலாவிலும் போட்ட இணைப்புகள் ஏன் ஏன் நின்றன என்பதுதான் அதன் விஷயம். குற்றவாளிப் பட்டியலில் முதலிடம் அலைக்கு இல்லை, தூரத்துக்கும் இல்லை. கரண்டுக்கு. திடீரென்று ஏறும் வோல்டேஜ், இறங்கும் வோல்டேஜ், பாதியில் போய் பாதியில் வருவது, அதனால் கருகும் அடாப்டர், கெட்டுப்போகும் மெமரி கார்டு. அடுத்த இடம் ஆளுக்கு. நின்றுபோனதை யார் கண்டுபிடிப்பது, யார் கோபுரத்தில் ஏறுவது, உள்ளூரில் யாருக்குச் சொல்லிக் கொடுப்பது என்ற பிரச்சினைகள்.

என் கணிப்பில், இரண்டில் இரண்டாவதுதான் முக்கியமான கட்டுரை. முதலாவது நமக்கு மேற்கோள் காட்ட ஒரு எண் தருகிறது. இரண்டாவது, மூன்று வருடம் கழித்தும் ஓடுகிற ஒன்றை எப்படி அமைப்பது என்று சொல்கிறது. மேடையில் பேசுபவர்கள் என்னமோ எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஊராட்சி வரைக்கும் வந்த ஃபைபர்

இதே தூர மயக்கம் திட்ட மொழியிலும் உண்டு. பாரத்நெட் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகிறது டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம். ஊராட்சிக்கு நொடிக்கு 1 கிகாபிட் வேகம் என்பது இலக்கு. நல்ல திட்டம், நான் இதற்கு எதிரி இல்லை. ஆனால் 'ஊராட்சி இணைந்தது' என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கும்போது அந்த ஊராட்சி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சமவெளியில் ஒரு ஊராட்சி என்றால் பெரும்பாலும் நெருங்கிய தெருக்கள். கொல்லிமலையில் ஒரு ஊராட்சி என்றால் ஒரு நாடு. பைல் நாடு என்பது ஒரு ஊரின் பெயர் கிடையாது, சரிவுகளில் சிதறிக் கிடக்கும் பல சின்ன ஊர்களின் பொதுப் பெயர். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பெட்டி வைத்து, சுற்றிலும் வைஃபை என்று சொன்னால், அந்தச் சுற்று எதுவரை? 300 அடி என்ற எண் இங்கேதான் ஆபத்தாகிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி திட்டம், பெட்டிக்கடைக்காரர்கூட பொது வைஃபை நடத்தலாம் என்று வழி திறந்தது. பழைய எஸ்டிடி பூத் மாதிரி. யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. கடை வாசலில் நிற்பவருக்கு அது வேலை செய்யும். பள்ளத்து வீட்டில் ராத்திரி மூச்சுத் திணறுபவருக்கு, கடை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டிப் பயனில்லை.

என் கோரிக்கை சின்னது. இனி 'எத்தனை ஊராட்சி' என்பதோடு, 'எத்தனை வீட்டிலிருந்து பதில் திரும்பி வருகிறது' என்றும் எண்ணுங்கள். அது மைக் செட்டு எண்ணிக்கை இல்லை, பேச்சு எண்ணிக்கை.

சரி, அந்த 200 மீட்டர் என்ன ஆச்சு?

புதுப் பெட்டியை நண்பன் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான், பிரித்ததை வாங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழி பார்த்தோம்.

கேபிள் இழுப்பதுதான் முதல் யோசனை. சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் ஆகாது. ஃபைபர் இழுக்கலாம், சரியான தீர்வும் அதுதான். ஆனால் மரம் விழும், கிளை வெட்டுவார்கள், அறுந்தால் ஒட்ட ஆள் கீழிருந்து வர வேண்டும். ஆகவே தேனி வழியில் போனோம்: சத்தத்தைக் கூட்டாதே, இரண்டு முனையையும் சமமாக்கு. வெளியில் மாட்டும் திசை ஆன்டெனாப் பெட்டி இரண்டு, ஒன்று மேட்டு வீட்டுச் சுவரில் கீழே பார்த்து, இன்னொன்று பழைய வீட்டுக் கூரை ஓரத்தில் மேலே பார்த்து. இரண்டும் சேர்ந்து அந்த 'லாங் ரேஞ்ச்' பெட்டியை விட மலிவு. பழைய ரௌட்டர் அப்பா வீட்டுக்குள் போனது. இப்போது அப்பாவின் போன் பேச வேண்டியது பத்தடி தூரத்துக்குத்தான்.

கணக்கையும் போட்டுவிடுகிறேன். பலம் 20, ஆன்டெனா 14, எதிர் ஆன்டெனா 14. சுவர் இப்போது வழியில் இல்லை, ஆகவே இழப்பு 105. விடை மைனஸ் 57, இரண்டு திசையிலும். முன்பு கீழிருந்து மேலே மைனஸ் 95 இருந்த இடம் இது. 38 டெசிபல் வித்தியாசம், அதாவது 6,000 மடங்குக்கும் மேல். இது சட்டத்துக்கும் உட்பட்டது: 2.4 கிகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட், அதாவது 36 டிபிஎம் வரை அனுமதி என்று 2005-லேயே விதி வந்துவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 2018-லிருந்து வெளியிலும் பயன்படுத்தலாம், வேகமும் கூட. ஆனால் அந்த அலையை இலை இன்னும் அதிகமாகத் தின்னும். தோப்புக்குள்ளே போக பழைய 2.4-தான் நல்லது. புதுசு எல்லாம் எல்லா இடத்துக்கும் நல்லது என்று இல்லை.

மாட்டிய அன்று அப்பா சென்னையில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினார். நான் ஊருக்கு வந்து, இந்தக் கட்டுரையை வெற்றிக் கதையாக எழுத உட்கார்ந்தேன்.

பத்தாவது நாள் நண்பன் கூப்பிட்டான். "டேய், நேத்து இடி. கீழ அடாப்டர் போச்சு."

அடாப்டர் போன ராத்திரி முழுக்க அந்தப் பள்ளம் பழையபடி ஊமையாகத்தான் இருந்திருக்கிறது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 'பியாண்ட் பைலட்ஸ்' கட்டுரையை மூன்று தடவை படித்துப் புகழ்ந்த நான், டெசிபல் கணக்கை மட்டும் போட்டுவிட்டு வந்திருந்தேன். அட்டையை நம்பியவனைக் கிண்டல் செய்தவனுக்கு அதே மயக்கம்.

இப்போது இரண்டு முனையிலும் எர்த் ஒழுங்காகப் போட்டு, மின்னல் தடுப்பு வைத்து, நாலு மணி நேரம் தாங்கும் சின்ன யுபிஎஸ் வைத்திருக்கிறோம். ஒரு உதிரி அடாப்டர் அப்பா வீட்டு அலமாரியில் இருக்கிறது. எந்த விளக்கு எரிந்தால் சரி, எது அணைந்தால் எதைப் பிடுங்கி எதை மாட்ட வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். டார்ச் பக்கத்தில்தான் அந்த அடாப்டரும் இருக்கிறதாம்.

அடுத்த தடவை யாராவது உங்களிடம் "இந்த ரௌட்டர் எவ்வளவு தூரம் எட்டும்?" என்று கேட்டால், திருப்பிக் கேளுங்கள்: எதிர்ப்பக்கம் யார், அவர் குரல் எவ்வளவு, நடுவில் என்ன, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? இந்த நாலுக்கும் பதில் வந்துவிட்டால் மீட்டர் கணக்கு தானாக வரும்.